ரப்பருக்கும் நோன்பு வைத்த மாப்பிள்ளைக்கு

அய்யம்பேட்டை,
நோன்பு பிறை 19

அன்பும் அறிவும் நிறைந்த (அறிவு இருக்குன்னு நம்பித்தான் எழுதுறேன்) மாப்பிள்ளை சலாஹுதீன் அவர்களுக்கு, மாமனார் அஹமது கபீர் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே அல்லாஹ் கிருபையில் யாவரும் சுகம், உங்க மக பர்வினோட மேல் கோரைப்பல் ஒன்னத் தவிர. அது ஆடுது. சவுதி தம்மாமில் தாங்களும், தாங்கள் ரிப்பேர் பார்க்கும் ஏசிகளும் நலமாயிருக்க துஆ செய்கிறேன். ஏசிங்களுக்குத்தான் துஆ ரொம்பத் தேவை.

பர்வினுக்குக் கம்பி கட்டின டாக்டரம்மா பூவிழி, மேல் பல்லுலேர்ந்து கீழ் கடவாப்பல்லுக்குப் பொடி ரப்பர் ஒன்ன மாட்டிவிட்டு, "சாப்பிடுற நேரம் தவிர ராப்பகலா இருக்கணும்"னு தெளிவாத்தான் சொல்லிச்சு. நீங்க என்ன பண்ணீங்க? தலைப்பிறை அன்னிக்குப் போனைப் போட்டு, "வாயில ரப்பர் இருந்தா நோன்பு முறிஞ்சிடும், பகல்ல கழட்டிடு, ராத்திரிக்கு ரெண்டா மாட்டிச் சரிக்கட்டிடு"ன்னீங்க. ஏன் மாப்பிள்ள, லீவு போட்டுட்டு ஓவர்டைம்ல சரிக்கட்டுறதுக்குப் பல்லு என்ன உங்க கம்பெனியிலயா வேலை பாக்குது?

எம்மவ ஷம்சாத்துக்கு, நீங்க அங்கேருந்து தும்முனாக்கூட அது மார்க்கத் தீர்ப்புதான். விடியக்கால சஹர் சாப்பாடு முடிஞ்சதும் ரப்பரைக் கழட்டி டீ கிளாஸுல போடுறது, நோன்பு தொறந்ததும் ரெண்டா மாட்டுறதுன்னு தாயும் மகளுமா ஆரம்பிச்சுட்டாங்க. அதுல ஒன்னு எப்படியோ என் நோன்புக் கஞ்சியில விழுந்துடுச்சு. கறித்துண்டுன்னு நெனச்சு மென்னேன், மென்னேன், ராத்திரி இஷா தொழுகை பாங்கு வரைக்கும் மென்னேன். மறுநா கறிக்கடை அப்துல் வஹாப்புகிட்ட போயி, "கெழட்டு ஆட்ட அறுத்து என் தலையில கட்டிட்டியேடா"ன்னு சண்டை போட்டேன். அந்தாளு இப்ப எனக்கு எலும்பாவே நிறுத்துப் போடுறான். அந்தப் பாவமும் உங்களுக்குத்தான்.

பல்லு ஆட ஆரம்பிச்சதும் தஞ்சாவூருக்கு ஓடினோம். டாக்டரம்மா ஆட்டிப் பாத்து, பர்வின்கிட்ட விவரத்தையும் கேட்டுட்டு, "யாரும்மா ரெண்டு மாட்டச் சொன்னது?"ன்னு கேட்டுச்சு. ஷம்சாத் சீலிங் ஃபேனப் பாத்தா. "எங்க வீட்டு சவுதி ஸ்பெஷலிஸ்ட்டும்மா"ன்னேன். அது சிரிக்காம சொல்லிச்சு: பல்லுக்கும் எலும்புக்கும் நடுவுல மெல்லிசா ஒரு சவ்வு இருக்காம். மெதுவா, விடாம அழுத்தினா முன்பக்கத்து எலும்பு கரைஞ்சு வழிவிடுமாம், பின்பக்கம் புது எலும்பு வளந்து அடைச்சிக்குமாம். முரட்டுத்தனமா அழுத்தினா சவ்வு நசுங்கி, ரத்த ஓட்டம் நின்னு, பல்லு நகராம அடம்பிடிக்குமாம்.

"கும்பகோணம் பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரன் மேல லேசா சாஞ்சுகிட்டே இருந்தா அவனாவே தள்ளி உக்காருவான், முழங்கையால இடிச்சா கல்லாட்டம் உக்காந்துகிட்டு நம்ம பரம்பரையத் திட்டுவான். அப்படித்தானேம்மா?"ன்னேன்.

"அதேதான் ஐயா. பகல்ல விட்டா பழைய எடத்துக்குப் போகப் பாக்குது, ராத்திரி இழுத்தா இந்தப் பக்கம் வருது. அதான் ஆடுது"ன்னுச்சு.

ஆக மாப்பிள்ள, ராத்திரியெல்லாம் முழங்கையால இடிச்சிருக்கீங்க, பகலெல்லாம் எந்திரிச்சு சீட்டையும் விட்டுக் கொடுத்திருக்கீங்க. உங்களையெல்லாம் பஸ்ஸுல ஏத்தவே கூடாது.

"பல்லு தங்குமா?"ன்னு கேட்டா, "ரப்பர் இல்லாம விட்டுப் பாப்போம், பெருநாள் கழிச்சுத்தான் சொல்ல முடியும்"ங்குது. பதினாறு வயசுப் பொண்ணு இடியாப்பத்தக்கூட ஊறவச்சுத் திங்குது. பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட கேட்டேன். "வயித்துக்குள்ள எறங்காத ரப்பரால நோன்பு எப்படிங்க போகும்?"னு என்னையே திருப்பிக் கேட்டாரு. உங்க பேரைச் சொன்னேன். தலையில கைய வச்சுக்கிட்டாரு.

நாலு வருஷம் கழிச்சு இந்தப் பெருநாளைக்கு வர்றேன்னு டிக்கெட் போட்டிருக்கீங்கள்ல? வேணாம், கேன்சல் பண்ணுங்க. வந்தா அடுத்து அவ மூக்க நேராக்கக் கௌம்புவீங்க. பல்லு கெட்டியானப்புறம் சொல்லி அனுப்புறேன், அப்ப வாங்க.

தங்கள் ஆயுசும் வருமானமும் பெருகட்டும், யோசனை சொல்றது மட்டும் குறையட்டும் என்ற துஆவுடன்,
மாமனார் அஹமது கபீர்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போற நேரத்துல பர்வின் புடுங்கிப் படிச்சிட்டா. ஒரே அழுகை. நீங்க ரெண்டுதான் சொன்னீங்களாம், அவதான் யாருக்கும் தெரியாம நாலு நாலா மாட்டியிருக்கா. ஏன்டீன்னேன். "அத்தா போறப்ப எனக்குக் கம்பி இல்ல நன்னா. வர்றதுக்குள்ள பல்ல நேராக்கிக் கழட்டிடணும்னு பாத்தேன். ஏர்போர்ட்டுல அத்தா என்னைத் தேடக்கூடாதுல்ல?"ங்குறா. அதனால மேல எழுதினதையெல்லாம் அடிச்சிடுங்க. டிக்கெட்ட மாத்தாம வாங்க. திருச்சியில எறங்குனதும் அங்கயும் இங்கயும் முழிக்காதீங்க. வாய் நெறையக் கம்பியோட சிரிச்சுகிட்டு ஒரு பொண்ணு நிக்கும். அது உங்க மகதான்.