இருபுறமும் கருணை

மனிதன் இத்தனை ஆயிரம் ஆண்டுகள் பாடுபட்டது எதற்காக? சுவரின் இடப்பக்கம் இருப்பது வலப்பக்கமும் இருக்கவேண்டும் என்ற பேருண்மையைக் கண்டறியத்தான். மன்னர் ஜார்ஜின் லண்டனில் அந்த உண்மைக்குத் தன் வரவேற்பறையையே அர்ப்பணித்த புண்ணியவதி பென்ஹாலோ சீமாட்டி.

வரவேற்பறை இன்னும் கட்டி முடியவில்லை. ஆனால் அதன் வண்ணப் படம் ஊரிலுள்ள பெரிய வீடுகளுக்கெல்லாம் விருந்துக்குப் போய் வந்துவிட்டது. கிரேக்கப் பூச்சாடிகள், ரோமானிய மாலைகள், கணப்புக்கு இருபுறமும் மாடம், மாடத்துக்கு ஒரு கருணை தேவி சிலை. பார்த்த சீமாட்டிகள், அவர்களுக்கெல்லாம் மேலான டச்சஸ் உட்பட, பொறாமையில் தேநீரை ஆறவிட்டார்கள்.

ஒரே ஒரு 'சில்லறை' விஷயம். வலப்பக்க மாடம் பின்னால் புடைத்து, தையல் அறையின் ஒரே சன்னலை மூடிவிடும். அந்த அறையில்தான் தையல்காரி டார்க்கஸ் உட்கார்ந்து, படத்திலிருந்த மாலைகளை நாற்காலி உறைகளில் பூத்தையல் போட்டுக்கொண்டிருந்தாள். சன்னல் போனால் கண் போகும், பிழைப்பும் போகும். பாவம், சீமாட்டியின் முன் போய் நின்றாள். படம் வரைந்த யால்டனும் அங்கிருந்தார்.

"அம்மா, அந்தப் பக்கம் மட்டும் மாடம் வேண்டாம்மா. இருட்டுல ஊசியே கோக்க முடியாது."

"ஒரு பக்கம் மட்டும் மாடமா? நாலு பேர் சிரிக்க மாட்டாங்க? யால்டன், இவளுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

யால்டன் படத்தை விரித்தார். "உண்மையைச் சொல்லிடறேன்மா. படத்துல இடப்பக்கம் மை கொட்டிப்போச்சு. கறையை மறைக்க ஒரு மாடம் போட்டேன். அங்கே போட்டதால இங்கேயும் போடவேண்டியதாச்சு. பேசாம ரெண்டையும் எடுத்துடலாம்."

"எடுக்கறதா! டச்சஸ் பார்த்துட்டாங்கய்யா!"

டச்சஸ் பார்த்த கறையை அழிக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை. சுவர் இடிபட்டது, கறை இரண்டு மாடங்களாக நிமிர்ந்து நின்றது. டார்க்கஸ் மெழுகுவத்தி கேட்டாள். புகை பட்டுத்துணிக்கு ஆகாது என்று 'கனிவுடன்' மறுக்கப்பட்டது.

திறப்பு விருந்தன்று வந்தவர்கள் வாய் பிளந்தார்கள். சீமாட்டியின் கண்ணில் மட்டும் ஒரு நாற்காலி உறுத்தியது. அதன் பூத்தையல் மாலையில் இடப்பக்கம் ஏழு இலை, வலப்பக்கம் ஆறு. விருந்து முடிந்ததும் டார்க்கஸ் அழைக்கப்பட்டாள்.

"என் மானமே போச்சு. நாளைக்கே மூட்டையைக் கட்டு."

"நல்லா வேலை செஞ்சேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்கம்மா. அது இல்லாம எந்த வீட்டுலயும் சேர்க்க மாட்டாங்க."

"கண்ணு சரியில்லாதவளை நல்ல தையல்காரின்னு எழுதறதா? பொய் சொல்ற பழக்கம் எனக்கில்லை."

இதற்காகச் சீமாட்டியைக் குறை சொல்பவர்கள் கலை அறியாதவர்கள். அந்த வீட்டில் ஏற்கெனவே இரண்டு கருணைகள் நின்றன. மூன்றாவதாக ஒன்று நுழைந்திருந்தால் சமச்சீர் கெட்டுப்போயிருக்கும்.