மாடி அறையில் நான் மருந்து இடித்த கதை

எங்கள் பக்கம் பூட்டிய அறைக்குள்ளிருந்து 'டப் டப்' என்று சத்தம் வந்தால், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று யாரும் யோசிக்க மாட்டார்கள். உள்ளே எத்தனை கிலோ வெடிமருந்து இருக்கிறது என்றுதான் யோசிப்பார்கள். விருதுநகரில் பிறந்து திருத்தங்கலில் வாழ்க்கைப்பட்டவளுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். என் வீட்டுச் சத்தத்துக்கும் அது பொருந்தும் என்பதுதான் தெரியவில்லை.

எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம் ஆகியிருந்தது. சிவகாசியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் சாமுவேல், வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். மாமனார் காலண்டர் அச்சகத்தில் முப்பது வருஷம் புரூப் பார்த்து ஓய்வு பெற்றவர். தேதிக்கும் கிழமைக்கும் பொருத்தம் சரிதானா என்று சந்தேகப்பட்டே பழகியவர், வீட்டுக்கு வந்த மருமகளையும் அதே கண்ணாடி வழியாகத்தான் பார்த்தார். மாமியாரைப் பற்றிப் போகப் போகச் சொல்கிறேன்.

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. டிரம்ஸ் வீடியோ கேம். டிவி திரையில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று வண்ணப் பொட்டுகள் மேலிருந்து இறங்கி வரும். அது கோட்டைத் தொடும் நொடியில் அதே வண்ண ரப்பர் தட்டில் குச்சியால் அடிக்க வேண்டும். காலுக்கு ஒரு பெடல். கல்யாணத்துக்கு முன் நானும் என் தம்பி டேவிட்டும் மணிக்கணக்கில் தட்டுவோம். தம்பி கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனபோது, செட்டை எனக்கு விட்டுக்கொடுத்தான். என் சீதனத்தில் பீரோவுக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டியில் அதுவும் வந்தது. பெட்டி மேல் 'பரீட்சைப் புத்தகங்கள்' என்று நானே பெரிதாக எழுதியிருந்தேன்.

அந்த கேமில் பாட்டுகளை எளிதிலிருந்து கடினம் வரை ஏழு படியாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஆறு படி வரை மனிதர்களுக்கானது. ஏழாவது படியில் மூன்றே பாட்டு. அவற்றின் இங்கிலீஷ் பெயர் வாயில் நுழையாததால் நானும் தம்பியும் வேறு பெயர் வைத்திருந்தோம். காலை நிறுத்தவே விடாமல் கடைசி வரை பெடலை மிதிக்க வைக்கும் பாட்டு 'தையல் மிஷின்'. இடைவெளியே இல்லாமல் உருண்டு உருண்டு வருவது 'சரவெடி'. மூன்றாவது, நாலு நிமிஷம் ஒன்றும் தெரியாதது போல் அமைதியாக இருக்கும். அப்புறம் திடீரென்று திரும்பிப் பிடித்துக்கொள்ளும், மீதி மூன்று நிமிஷமும் விடாது. அதற்கு 'மாமியார்' என்று பெயர். (அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. யாரையும் மனதில் வைத்துச் செய்ததல்ல. இதை நான் எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.)

மே மாத விடுமுறை வந்தது. "அரசு வேலைப் பரீட்சைக்குப் படிக்கப் போறேன் அத்தை, மாடி ரூமை எடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்டேன். அத்தை பூரித்துப்போனார். தினமும் பதினோரு மணிக்கு, கணவர் கம்பெனியில் இருக்கும் நேரம் பார்த்து, மேலே போய்க் கதவைத் தாழிட்டுக்கொள்வேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டால் பாட்டு எனக்கு மட்டும் கேட்கும். வெளியே என்ன கேட்கும் என்று நான் யோசிக்கவேயில்லை. வெளியே கேட்டது வெறும் அடி. ரப்பரில் குச்சி விழும் சத்தம், தரையில் பெடல் இடிக்கும் சத்தம். பாட்டில்லாமல் கேட்டால், காகிதக் குழாயில் வெடிமருந்து போட்டு இடித்துக் கெட்டிக்கிற மாதிரியே இருக்குமாம்.

"மேல என்னத்தா இடிக்கிற மாதிரி சத்தம்?" என்று அத்தை ஒருநாள் கேட்டார்.

"மனப்பாடம் பண்றேன் அத்தை. அப்ப கால் தன்னால ஆடும்."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "கணக்குப் பரீட்சைக்கு எதுக்கும்மா மனப்பாடம்?"

சந்தேகம் வந்துவிட்டது என்று தெரிந்ததும் ஒரு புத்திசாலி என்ன செய்வாள்? நிறுத்துவாள். நான் சத்தத்தை அடக்க ஏற்பாடு செய்தேன். பக்கத்து அச்சகத்தில் கழிவுக் காகிதம் இரண்டு சாக்கு வாங்கி ஸ்கூட்டியில் முன்னும் பின்னும் வைத்துக் கொண்டுவந்து, ஒன்றை ஜன்னலில் அடைத்தேன்.

எதிர்வீட்டு ரூபி அக்கா மொட்டைமாடியில் வத்தல் காயப்போட்டபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ரூபி அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் என்னைப் பார்ப்பதை நானும் பார்த்தேன். அத்தைதான் வேவு பார்க்கச் சொல்லியிருக்கிறார் என்று முடிவு கட்டி, மற்ற சாக்கால் இரண்டாவது ஜன்னலையும் அடைத்தேன். குச்சி வழுக்காமல் இருக்கக் கைக்கு முகப்பவுடர் பூசுவேன். அது வியர்வையிலும் கறுப்பு ரப்பரிலும் கலந்து, கீழே இறங்கி வரும்போது உள்ளங்கை இரண்டும் வெள்ளிச் சாம்பலாக மின்னும். எங்கள் ஊரில் அந்த நிறக் கைக்கு ஒரே அர்த்தம்தான்: வெடிமருந்து.

"என்ன புனிதா, கையெல்லாம் பவுடரா இருக்கு?" என்று ரூபி அக்கா வாசலில் வைத்துக் கேட்டார்.

"வேர்க்குதுல்லக்கா" என்று கையைச் சேலைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். (மறைத்திருக்கக் கூடாது.)

அந்த வாரம்தான் ஆட்டோவில் மைக் கட்டி, வீடுகளில் கள்ளத்தனமாக வெடி கட்டுவோர் பற்றித் தகவல் சொன்னால் பெயர் ரகசியமாக வைக்கப்படும் என்று தெருத்தெருவாக அறிவித்துக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை நான் மொட்டைமாடியில் நின்று தம்பிக்குப் போன் பேசினேன். நான் பேசியதை வார்த்தை மாறாமல் பின்னால் எனக்கே வாசித்துக் காட்டினார்கள்:

"சரவெடி நேத்தே முடிஞ்சுதுடா. தையல் மிஷினும் ஆச்சு. இனி மாமியார் ஒண்ணுதான் பாக்கி. இன்னைக்கு எப்படியும் மாமியாரை முடிச்சிருவேன். வீட்ல யாருக்கும் தெரியாது. படிக்கிறேன்னு நெனச்சுக்கிட்டு இருக்காக."

பதினோரு மணிக்கு நான் தாழ்ப்பாள் போட்டபோது, தாலுகா ஆபீசிலிருந்து ஆர்.ஐ.யும் வி.ஏ.ஓ.வும், கூட இரண்டு போலீசும் தெருமுனையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஒரு மணி நேரம் வெளியே நடந்தது எனக்குத் தெரியாது. பிறகு பலர் சொல்லித்தான் தெரியும். படியேறி வந்து மெதுவாகக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். நான் திறக்கவில்லை. உள்ளே இடி மட்டும் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. கதவை உடைக்கலாம் என்று ஒரு போலீஸ்காரர் சொல்ல, "யோவ், உள்ள ஒரு பொறி பட்டுச்சுன்னா நீயும் நானும் படியோட போவோம்" என்று ஆர்.ஐ. அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். முதலில் எங்கள் வீட்டாரை வெளியேற்றினார்கள். பிறகு பக்கத்து வீடுகள். கொஞ்ச நேரத்தில் பதினாறு வீட்டு ஜனங்களும் வெயிலில் தெருக்கோடியில் நின்றார்கள். தீயணைப்பு வண்டி வந்தது. கணவருக்குக் கம்பெனியிலேயே தகவல் போனது. கடைசியாக, மின்சாரத்தால் பொறி எதுவும் வந்துவிடக் கூடாது என்று தெருவின் கரண்டைத் துண்டிக்கச் சொன்னார்கள்.

நான் உள்ளே என் வாழ்க்கையின் மிகச் சிறந்த ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பத்தாவது முயற்சி. அமைதியான நாலு நிமிஷம் பிசிறில்லாமல் போனது. பாட்டு திரும்பிப் பிடித்துக்கொண்டது, நானும் விடவில்லை. கை எனதில்லை, கால் எனதில்லை. அடித்ததில் தொண்ணூற்றெட்டு சதவீதம் சரி என்று திரை காட்டியது. இன்னும் இருபது நொடி இருக்கும்.

டிவி அணைந்தது. ஃபேன் நின்றது.

ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன். எழுந்து நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: "அடப் பாவிகளா! மாமியாரை முடிக்க விடமாட்டேங்கிறீகளேடா!"

அந்த நேரம் தெருவில் ஒரு மிக்சி, ஒரு டிவி ஓடவில்லை. காக்கை கூடக் கத்தவில்லையாம். என் குரல் கோடி வரை போய் அத்தையின் காதில் விழுந்திருக்கிறது.

புழுக்கம் தாங்காமல் ஜன்னல் சாக்கை இழுத்துக் கீழே போட்டு எட்டிப் பார்த்தேன். சிவப்பு வண்டி. அதன் மேல் குழாயை நேராக என் முகத்துக்குப் பிடித்தபடி ஒருவர். அவருக்குப் பின்னால் ஊர். நடுவில் என் மாமியார், சேலை முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தார்.

"உள்ள எம்புட்டு இருக்கு?" என்று ஆர்.ஐ. கீழேயிருந்து மைக்கில் கேட்டார்.

"தொண்ணூத்தெட்டு சார்!" என்றேன். (கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்னேன்.)

கூட்டம் மொத்தமாக இருபதடி பின்னால் போனது.

பிறகு கையைத் தூக்கியபடி இறங்கி வரச் சொன்னார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, போனை அணைத்துவிட்டு ஆர்.ஐ.யும் வி.ஏ.ஓ.வும் பூனை நடையில் மேலே ஏறினார்கள். ஐந்து நிமிஷம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு என்னை மேலே கூப்பிட்டார்கள். கூடவே அத்தையும் மாமாவும் வந்தார்கள்.

"இது என்னம்மா?"

"டிரம்ஸ் சார். வீடியோ கேம்."

"சரவெடின்னது?"

"பாட்டு சார்."

"மாமியாரு?"

நான் அத்தையைப் பார்க்காமல், "அதுவும் பாட்டுதான் சார்" என்றேன். அதன் சொந்தப் பெயரைக் கேட்டார். சொன்னேன். வி.ஏ.ஓ. பேனாவைத் தூக்கிப் பிடித்து யோசித்துவிட்டு 'மாமியார்' என்றே எழுதிக்கொண்டார்.

ஆர்.ஐ. நம்பவில்லை. கரண்டைக் கொடுக்கச் சொல்லி, "தட்டு பாப்போம்" என்றார். ஏழாவது படியில் விழுந்து எழுந்தவள் நான். போலீஸ் முன்னால் மஞ்சளுக்கு அடித்த குச்சி நீலத்தில் விழுந்தது. பத்து நொடியில் திரை முழுக்கச் சிவந்து, தோற்றுவிட்டாய் என்று காட்டியது. "இதுக்கா இம்புட்டும்?" என்று கதவை உடைக்கச் சொன்ன போலீஸ்காரர் முனகியது எனக்குக் கேட்டது. வி.ஏ.ஓ. அறையில் இருந்தவற்றை வரிசையாக எழுதி உரக்க வாசித்தார்: தட்டும் கருவி ஒன்று, முழுக் குச்சி இரண்டு, உடைந்த குச்சி நான்கு, காகிதச் சாக்கு இரண்டு, முகப்பவுடர் டப்பா ஒன்று, தேர்வுப் புத்தகம் ஆறு, உறை பிரிக்கப்படாதவை.

கடைசி வரியில் மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

இதுவரை சிரிப்பு. கணவர் வந்த பிறகு சிரிப்பில்லை. வீட்டில் வெடி என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். வெம்பக்கோட்டையிலிருந்து பைக்கில் எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. தெருவுக்குள் வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தவர், என்னை முழுசாகப் பார்த்ததும் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "வழியெல்லாம் புகை தெரியுதான்னே பாத்துக்கிட்டு வந்தேன்" என்றார். அப்புறம் இரண்டு நாள் பேசவில்லை. கம்பெனியில் அவரைக் கூப்பிட்டு விசாரித்து, வீட்டில் வெடி எதுவும் இல்லை என்று ஆர்.ஐ. எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்த பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

எனக்கு ஆத்திரம் முழுக்க ரூபி அக்கா மேல் திரும்பியது. மறுநாளே போய் நின்றேன்.

"நீங்கதான் போன் பண்ணீகளா?"

"ஆமா, நாந்தான்" என்றார், வத்தலைத் திருப்பிப் போட்டுக்கொண்டே. "தீக்காய வார்டுல இருபத்திரண்டு வருஷம் இருந்தேன் புனிதா. ஒன் வயசுப் புள்ளைகதான் நெறைய வரும். எல்லா வீட்டுலயும் பக்கத்துல ஒருத்திக்குச் சத்தம் கேட்டிருக்கும். நமக்கெதுக்குன்னு இருந்திருப்பா. தப்பாப் போச்சுன்னா சிரிப்பீக, சிரிச்சுக்கோங்க. சரியாப் போயிருந்தா?"

சண்டை போடப் போனவள், அவரோடு உட்கார்ந்து வத்தலைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்தேன்.

அத்தை ஒரு வாரம் கழித்துத்தான் மாடிக்கு வந்தார். "அந்த மாமியார் பாட்டைப் போடு" என்றார். நான் தட்டத் தட்ட, கையைக் கட்டிக்கொண்டு ஏழு நிமிஷமும் முறைத்துப் பார்த்தார். முடிந்ததும், "நாலு நிமிசமா சும்மா இருக்கிறவளை நீதானத்தா தட்டிக்கிட்டே இருந்த? அவ எம்புட்டுதான் பொறுப்பா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. எங்கள் வீட்டு விலாசம் சந்தேகப் பட்டியலில் ஏறிவிட்டது. ஏறியதை இறக்க எந்த ஆபீசிலும் ஆளில்லை. ஒவ்வொரு தீபாவளி சீசனுக்கும் யாராவது ஒருவர் தாளோடு வந்து மாடியைப் பார்த்துவிட்டுப் போகிறார். போன வருஷம் புதிதாக ஒரு வி.ஏ.ஓ. வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். தட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறார். வீட்டு மானத்தைக் காப்பாற்ற அத்தையே உட்கார்ந்து, முதல் படிப் பாட்டு ஒன்றைத் தட்டியிருக்கிறார். வி.ஏ.ஓ. எழுதிக் கொடுத்துவிட்டுப் போன நகலில் இரண்டே வரி: 'வீட்டிலிருந்தவர் தட்டிக் காட்டினார். தாளம் இல்லை, ஆபத்தும் இல்லை.'

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதற்கும் இதே தீர்ப்புதான். உப்பில்லாத சாம்பாருக்கு மாமா இதைச் சொல்வார். புதுப் பாஸ்டரின் முதல் பிரசங்கத்துக்குக் கணவர் என் காதில் சொன்னார். போன வாரம் கோவில்பட்டிச் சொந்தக்காரர் ஒருவர் போனில் அத்தையிடம் என்னவோ விசாரித்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் இருப்பது அத்தைக்குத் தெரியும்.

"மருமகளா?" என்றார், வேண்டுமென்றே சத்தமாக. "நல்லாத்தான் இருக்கா. தாளம் இல்லை, ஆபத்தும் இல்லை."