மூன்று வடையும் ஒரு நாற்காலிக் காலும்

படித்த படிப்பை வீட்டில் காட்டக் கூடாது. அதுவும் வருங்கால மாமியார் வீட்டில் காட்டவே கூடாது. நான் காட்டினேன்.

அப்போது எனக்கு மேரு என்ற ஊரில் ஒரு பசைத் தொழிற்சாலையின் லேபில் வேலை. நாற்காலி, வாளி செய்கிற பிளாஸ்டிக்கில் பசை சும்மா ஒட்டாது. முதலில் ‘பிரைமர்’ என்ற திரவத்தைப் பூசி, அதன் மேற்பரப்பைப் பசைக்கு இணங்க வைக்க வேண்டும். பூசிய இடத்தைக் கையால் தொடக் கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் பாடம் எடுத்ததே நான்தான் (சிரிக்காதீர்கள்).

பிரிக்பீல்ட்ஸில் குமரன் வீட்டுக்கு முதல்முறை போனேன். அவன் அம்மா சரி என்றால்தான் கல்யாணம். காபி கொடுத்தார், வடை கொடுத்தார், ஒரு சிரிப்பு மட்டும் கொடுக்கவில்லை. மூலையில் கால் உடைந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று சாய்ந்திருந்தது.

“செத்துப்போன அப்பாவோடது. அம்மா தூக்கிப் போட விடமாட்டாங்க,” என்று குமரன் கிசுகிசுத்தான்.

“ஆன்டி, இத நான் ஒட்டித் தரேன். எங்க வேலையே இதான் லா!”

அவர் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். “நெசமாவா மா? மறுபடி உக்காரலாமா?”

என் கைப்பையில் லிப்ஸ்டிக் இருக்காது, பிரைமரும் பசையும் இருக்கும். கால் முழுக்கத் தாராளமாகப் பூசினேன். காயும்வரை மூன்று வடை தின்றேன். பிறகு, காய்ந்துவிட்டதா என்று அதே எண்ணெய் விரலால் உடைந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். பசை விட்டு, காலைப் பொருத்தி, பத்து நிமிஷம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

“உக்காருங்க ஆன்டி!”

நான் காலைப் பிடித்தபடியே இருக்க, சேலையைச் சரிசெய்துகொண்டு மெல்ல உட்கார்ந்தார். டப்! ஆன்டி தரையில், கால் என் கையில். உதறினேன், போகவில்லை. எண்ணெய் படாத இடத்தில் பிரைமர் பிரமாதமாக வேலை செய்திருந்தது. வழிந்த பசை என் கையை நாற்காலிக் காலோடு ஒட்டிவிட்டது.

போச்சு, கல்யாணம் போச்சு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆன்டியோ கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். “அவரும் இப்படித்தான் மா. ரிப்பேர் பண்றேன்னு ஃபேன கழட்டுவாரு. அப்புறம் மூணு மாசத்துக்கு விசிறிதான்.”

வெந்நீரில் சோப்பு கரைத்து, என் கையை நனைத்து நனைத்து, விரல் விரலாக நோகாமல் பிரித்தார். அரைமணி நேரமும் மாமாவின் கதைதான். கடைசி விரல் விடுபட்டதும், “நிச்சயத்த எப்ப வச்சுக்கலாம்?” என்றார்.

காலுக்குக் கட்டை வைத்து, ராஃபியா என்கிற பிளாஸ்டிக் கயிற்றால் அவரே இறுக்கிக் கட்டினார். பதினோரு வருஷமாக அசையவில்லை. வருகிறவர்கள் கயிற்றைப் பார்த்து என்னவென்று கேட்டால், அதில் உட்கார்ந்தபடியே பெருமையாகச் சொல்வார்: “எங்க மருமக ஒட்டுனது. கெமிஸ்ட்ரி படிச்சவ.”