ஆறு பதவிகளும் ஓர் எழுத்தாளரும்

எழுத்தாளர்களை உங்களுக்குத் தெரியும். வாசகர்களையும் தெரியும். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே, கையில் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு, "நாமெல்லாம் ஒன்று சேர வேண்டும்" என்று நிற்கிறாரே ஒருவர், அவரைக் கவனித்திருக்கிறீர்களா? அவர்தான் சங்கம்கூட்டி. தானும் எழுத மாட்டார், எழுதுகிறவர்களையும் எழுத விட மாட்டார். எந்த ஊரிலும், எந்தக் கலைக்கும் இந்த இனம் உண்டு. ஆனால் போலந்து நாட்டில், எங்கள் வூச் நகரத்தில், அதுவும் வீடியோ கேமுக்குக் கதை எழுதுகிறவர்கள் மத்தியில், இலையுதிர்காலத்துக் காளான் மாதிரி கொழுகொழுவென்று முளைக்கிறது.

எங்களுக்கு வாய்த்த சங்கம்கூட்டியின் பெயர் ஒல்கியெர்த். வயது நாற்பத்தொன்று. பழைய நூல் ஆலையைப் புதுப்பித்துக் கட்டிய அலுவலகம் ஒன்றில் வேலை. என்ன வேலை என்று அவருக்கே நிச்சயமாகத் தெரியுமா என்பது என் சந்தேகம். வீட்டுக் கம்ப்யூட்டரில் இருநூற்றுப் பன்னிரண்டு விளையாட்டுகள் வைத்திருக்கிறார். ஒன்றையாவது முடித்திருக்கிறாரா? முடிப்பதாவது! ஆட்டம் தொடங்கும் முன் உங்கள் வீரனுக்கு முகம் அமைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு திரை வருமே, மனிதர் அங்கேயே குடியிருக்கிறார். மூக்கைக் கொஞ்சம் நீட்டி, புருவத்தைக் கொஞ்சம் ஏற்றி, தாடிக்கு எட்டு வகைப் பழுப்பு நிறத்தில் ஒன்றைப் பொறுக்கி, கன்னத்தில் ஒரு தழும்பு வைத்து, அது சரியில்லை என்று எடுத்து, இல்லாவிட்டால் களை இல்லை என்று மறுபடி வைத்து, அந்த வீரன் ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் திங்கட்கிழமை பிறந்துவிடும். அடுத்த வாரம் வேறு வீரன், வேறு மூக்கு.

சங்கத்தையும் இப்படித்தான் தொடங்கினார். முதலில் லோகோ: ஒரு பேனா, அதன் முனையில் ஒரு கத்தி. பேனாவா கத்தியா எது பெரிதாக இருக்க வேண்டும் என்று ஒரு மாதம் விவாதம். பிறகு இணையத்தில் முப்பத்துநான்கு அரட்டை அறைகள். அறிவிப்புகளுக்கு ஓர் அறை, அறிவிப்புகள் பற்றிப் பேச ஓர் அறை, புதியவர்களை வரவேற்க ஓர் அறை, வரவேற்பு விதிகளுக்கு ஓர் அறை. எல்லாவற்றிலும் ஈ ஓட்டினோம். பூனைப் படங்களுக்கான அறையில் மட்டும் கூட்டம் நெரிந்தது. "கதைகள்" என்ற அறை? இருந்தது, இருபத்தொன்பதாவதாக.

இந்த இனத்தின் பேச்சு உங்களுக்குப் பரிச்சயமாக இருக்கட்டும். "முதல்ல அடித்தளம் போட்டுடலாம்" என்பார்கள். "அவசரப்பட வேண்டாம், முறையா செய்வோம்" என்பார்கள். "இது ஒரு குடும்பம் மாதிரி" என்பார்கள். மூன்றாவதைச் சொன்னவுடன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். நான் கிளம்பவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் நாட்டில் ஒரு சங்கத்தை நீதிமன்றத்தில் பதிவு செய்ய ஏழு பேர் வேண்டும். நிர்வாகக் குழு ஒன்று வேண்டும். அந்த நிர்வாகக் குழு ஒழுங்காக நிர்வகிக்கிறதா என்று பார்க்கக் கண்காணிப்புக் குழு ஒன்றும் வேண்டும். பதிவு செய்யாத சங்கம் சங்கமா என்று கேட்டார் ஒல்கியெர்த். சரி, ஏழு பேர் கூடினோம். நிர்வாகத்துக்கு ஒல்கியெர்த் தலைமையில் மூன்று பேர், கண்காணிப்புக்கு மூன்று பேர். மிச்சம் ஒருவர். அந்த ஒருவர்தான் எங்கள் சங்கத்தின் பொதுமக்கள். எங்கள் ஆறு பேரின் அதிகாரமும் அவர் ஒருவர் தலையில்தான் இறங்கியாக வேண்டும். கண்காணிப்புக் குழுவின் தலைவர் யார் என்கிறீர்களா? அடியேன்தான். பெயர் அட்டைகூட அடித்துவிட்டேன். வெட்கம் கெட்டவன் என்று திட்டுங்கள், பரவாயில்லை. அட்டை நன்றாக வந்திருந்தது.

மிச்சமான அந்த ஒருவர் கிங்கா. எங்களில் எழுதுகிறவர் அவர் மட்டுமே. அதனால்தான் அவருக்குப் பதவி கிடைக்கவில்லை. பங்கு போட்ட அன்று அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

ஆறு வருடமாக அவருக்கு ஓடு கடை ஒன்றில் வேலை. இணையத்தில் விற்கிற குளியலறை ஓடுகளுக்கு வர்ணனை எழுத வேண்டும். "கடலின் அமைதியை உங்கள் சுவருக்குக் கொண்டுவரும் இளநீலம்" என்று நாளைக்கு நாற்பது ஓடுகள். ஒரு விளையாட்டு நிறுவனம் கதை எழுத ஒரே ஓர் ஆளைத் தேடுவதாக அவருக்குத் தகவல் வந்தது. விளையாடிப் பார்க்கக்கூடிய ஒரு சிறு கதையை வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் மாதிரியாக அனுப்ப வேண்டும். கிங்கா எழுதிவிட்டார். இடிக்கப்போகிற பன்னிரண்டு மாடிக் குடியிருப்பில் லிஃப்ட் பழுது பார்ப்பவரின் கடைசி வேலைநாள். ஒவ்வொரு மாடியிலும் யாரோ ஏதோ ஒன்றைக் கீழே கொண்டுபோகச் சொல்கிறார்கள். எதை ஏற்றுவது, எதை விடுவது என்று விளையாடுகிறவர் முடிவு செய்ய வேண்டும். இப்படிக் கிளை பிரிகிற கதையில் எங்காவது ஒரு கிளை முட்டுச்சந்தாகிவிட்டால் போச்சு, ஆட்டம் அங்கேயே படுத்துவிடும். எழுதியவர் கண்ணுக்கு அது படாது. வேறு யாராவது விளையாடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காகத்தானே சங்கம்! பத்து நாள் முன்பே கதையை அறையில் போட்டார். ஆறு பேரும் ஆறு இதயக் குறி போட்டோம். "அருமை!" என்றும் எழுதினோம். நான் இரண்டு ஆச்சரியக்குறி போட்டேன்.

புதன்கிழமை மாலை நான்கு மணிக்குக் கூட்டம். கூட்டம் நடப்பது யாத்விகா அக்காவின் மலிவுச் சாப்பாட்டுக் கடையில், ஜன்னலோர மேஜையில். பியெரோகிக் கொழுக்கட்டை வந்தது, பீட்ரூட் சூப் வந்தது, பதினோரு அம்ச நிகழ்ச்சி நிரலும் வந்தது. கிங்காவின் கதை பதினோராவது.

நான்காவது அம்சம் நடக்கும்போது கிங்கா கையைத் தூக்கினார். "தலைவரே, ஒரே ஒரு நிமிஷம். நாளன்னிக்கு மத்தியானம் நான் அனுப்பணும். யாராவது கடைசி வரைக்கும் போனீங்களா? எங்கயாவது மாட்டிக்கிச்சா?"

"அருமையான படைப்பு, கிங்காம்மா" என்றார் ஒல்கியெர்த். "என்ன ஒரு ஆழம்!"

"ஆழம் கிடக்கட்டும். எந்த மாடி வரைக்கும் போனீங்க?"

"ஒவ்வொரு மாடியும் ஒவ்வொரு விதம்..."

கிங்கா ஃபோனை எடுத்து மேஜைமேல் வைத்தார். "யார் எங்க நிறுத்தினாங்கன்னு இதுல தெரியும். சொல்லட்டுமா?"

நான் அவசரமாக இன்னொரு கொழுக்கட்டையை வாயில் போட்டுக்கொண்டேன்.

"நாலு பேரு திறக்கவே இல்ல. ஒருத்தர் ரெண்டாவது மாடியில எறங்கிட்டாரு." என்னைப் பார்த்தார். நான் சூப்பைப் பார்த்தேன். "தலைவரே, நீங்க மட்டும் நாப்பது நிமிஷம் இருந்திருக்கீங்க."

"பாத்தியா!" என்று மலர்ந்தார் ஒல்கியெர்த்.

"லிஃப்ட்காரருக்கு என்ன பேரு வைக்கலாம்னு ஆரம்பத்துல கேக்குமே, அந்த இடத்துல. நாப்பது நிமிஷமும்."

வேறொருவராக இருந்தால் மேஜைக்கு அடியில் புகுந்திருப்பார். சங்கம்கூட்டி கலங்குவாரா? தொண்டையைச் செருமிக்கொண்டார். "இதுல ஒரு அடிப்படைச் சிக்கல் இருக்கு. உறுப்பினர் படைப்பை எப்படிப் படிக்கணும், எப்படிக் கருத்துச் சொல்லணும்னு நம்மகிட்ட விதியே இல்ல. விதி இல்லாம படிச்சா அது அந்தப் படைப்புக்கே அநியாயம். அவசரப்பட வேண்டாம், முறையா செய்வோம். ஒரு துணைக்குழு போடலாமா? ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க."

ஐந்து கைகள் எழுந்தன. என்னுடையதும் சேர்த்துத்தான், மறைப்பானேன்? செயலாளர் வித்தோல்ட் கடமையாக அதைக் குறித்துக்கொண்டார். கிங்காவின் முகம் சிவந்தது. "ஆறு வருஷமா குளியலறை ஓட்டுக்குக் கவிதை எழுதுறேன்யா! உங்களால ஒரு அரை மணி நேரம் ஒக்கார முடியல?" என்றார். குரல் உடைந்துவிட்டது.

கல்லாவில் இருந்த யாத்விகா அக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். "ஏம்ப்பா, படிச்சவங்களா, அந்தப் பொண்ணு கேட்டது ஒண்ணே ஒண்ணு, நீங்க என்னமோ கமிட்டி போடுறீங்க? இங்க கொடுடி அதை" என்று ஃபோனை வாங்கிக்கொண்டு போனார். கண்ணாடியை மாட்டினார். ஒரு கை பரிமாற, ஒரு கை விளையாட.

நாங்கள் துணைக்குழுவுக்குத் தலைவர் தேர்ந்தெடுக்கத் தொடங்கினோம். இரண்டு பேர் போட்டி. ஒருவருக்கு மூன்று ஓட்டு, இன்னொருவருக்கும் மூன்று ஓட்டு. கிங்கா வாக்களிக்கவில்லை, கல்லாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து அவ்வப்போது சத்தம் வந்தது. "இந்த நாலாவது மாடிக்காரி சரியான ராங்கிக்காரி! ... அட, இவரு பியானோவை ஏத்தச் சொல்றாரே, மனுசனா இவரு? ... ஐயோ பாவம்." மறு வாக்கெடுப்பு நடந்தது. மறுபடியும் மூன்று, மூன்று.

"ஏய் பொண்ணே!" என்று கத்தினார் அக்கா. "ஒம்பதாவது மாடியில மாட்டிக்கிட்டேன்! மீன் தொட்டியைக் கையில வாங்கிட்டேன், இப்ப சாவியை எடுக்க விடமாட்டேங்குது. தொட்டியைக் கீழயும் வைக்க விடல. எத்தனை தடவை அமுக்குனாலும் அந்த ஒம்பதாவது மாடியிலயே நிக்குறேன்."

கிங்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார். இருவரும் கல்லாவின்மேல் குனிந்துகொண்டார்கள். "தொட்டியை முதல்ல வாங்கினா... ஆமாக்கா! இது எனக்குத் தோணவே இல்லக்கா!"

ஒல்கியெர்த் பேனாவால் மேஜையைத் தட்டினார். "மன்னிக்கணும். உறுப்பினர் அல்லாதவங்க கருத்துச் சொல்றதுக்கு நம்ம விதியில இடம் இல்ல."

"உன் விதியைக் கொண்டுபோய் சூப்புல போடு" என்றார் யாத்விகா அக்கா. அந்த வாசகம் கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

கிங்கா அங்கேயே உட்கார்ந்து மீன் தொட்டியைச் சரி செய்தார். அக்கா மறுபடி முதல் மாடியிலிருந்து ஆடி, இந்த முறை கடைசி வரை போய், மூக்கைச் சிந்தி, "நல்லா இருக்குடி" என்றார். எங்கள் கூட்டம் ஏழாவது அம்சத்தில் ஒத்திவைக்கப்பட்டது. துணைக்குழுவுக்கு இன்றுவரை தலைவர் இல்லை.

மூன்று வாரம் கழித்துக் கிங்காவுக்கு வேலை கிடைத்தது. உடனே ஒல்கியெர்த் முப்பத்துநான்கு அறைகளிலும் அறிவித்தார்: "நமது சங்கத்தின் கூட்டு உழைப்புக்குக் கிடைத்த முதல் வெற்றி!" ஆறு பேரும் ஒருவரை ஒருவர் வாழ்த்திக்கொண்டோம். மறுநாள் கிங்காவின் கடிதம் வந்தது. இரண்டே வரி: "சங்கத்திலிருந்து விலகுகிறேன். நிறைய எழுத வேண்டியிருக்கிறது."

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. நீதிமன்றத்தில் மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. ஏழில் ஒன்று போனால் ஆறு. ஆறு பேருக்குச் சங்கம் கிடையாது. சங்கம் இல்லாவிட்டால் தலைவர் ஏது, கண்காணிப்பு ஏது, என் அட்டை ஏது? ஒல்கியெர்த் முகத்தில் முதல்முறையாக நிஜமான கவலையைப் பார்த்தேன். அடித்துப் பிடித்துக் கடைக்கு ஓடினோம்.

"அக்கா, நீங்க சேருங்க! உங்களை மாதிரி வாசகர்தான் எங்களுக்கு வேணும்."

"சேந்தா நான் என்னப்பா செய்யணும்?"

"பெரிசா ஒண்ணுமில்ல. சாதாரண உறுப்பினர்."

அக்கா தட்டைத் துடைத்தபடியே யோசித்தார். "அதாவது, ஆறு பேரு ஒக்காந்து பாப்பீங்க, நான் ஒருத்தி வேலை செய்யணும். அதைத்தான் இங்க இருபது வருஷமா செஞ்சுக்கிட்டிருக்கேனே. போய் ஒக்காருங்க, சூப்பு ஆறுது."

ஆகவே, ஐயா, அம்மா, உங்களிடம் வந்திருக்கிறேன். ஏழாவது இடம் காலியாக இருக்கிறது. ஒன்று மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். சங்கத்தில் இடம் காலி என்றவுடன் உங்கள் மனதில் என்ன ஓடியது? அந்தப் பெண் இப்போது என்ன எழுதுகிறார், படிக்கக் கிடைக்குமா என்றா? அல்லது, சாதாரண உறுப்பினர் என்றால் எப்படி, துணைத் தலைவர் மாதிரி ஏதாவது பார்த்துத் தரக்கூடாதா என்றா?

இரண்டாவதா? அப்படிச் சொல்லுங்கள், நம்ம ஆள்! இதோ தள்ளி உட்காருகிறோம். விண்ணப்பத்தை உடனே அனுப்பிவையுங்கள். கதை எதையும் அனுப்பிவிடாதீர்கள். படிக்க எங்களிடம் ஆள் இல்லை.