ஹீனாவுக்கு ஒரு சந்தூக்

சூரியபிரகாஷ் கையிலிருந்த பணத்துக்கு ஒரு மெஷின்தான் வரும். கடைசல் மெஷினா, அறுப்பு மெஷினா என்று வேலூர்க் கடையில் ஒரு மணி நேரமாகக் குழம்பிக்கொண்டிருந்தார். ஷூ கம்பெனியை மூடியபோது கொடுத்த பணத்தில், மாதனூர் வீட்டின் பின்பக்கம் தச்சுப் பட்டறை போடுவதாகத் திட்டம். அது தேறாவிட்டால், மூடிய அதே கம்பெனியின் கேட்டில் வாட்ச்மேன் வேலை காத்திருந்தது. இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த இடத்தில் பூட்டுக்குக் காவல் இருப்பதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

கட்டில் கால், தொட்டில் கால் எல்லாம் கடையலாம் என்று கடைக்காரர் கடைசல் மெஷினைக் காட்டியபோது போன் வந்தது. ஆம்பூர் சுகரா பேகம். பெரிய வீடு. முதல் ஆர்டர்.

"ஹீனாவுக்கு ஒரு சந்தூக் வேணும். நல்ல மரத்துல. வெள்ளிக்கிழமை அவ போறா," என்றவர் அழ ஆரம்பித்துவிட்டார். "பெருசா செய்ங்க. எல்லாம் அடங்கணும்."

மகளை நினைத்து அழுகிறவரிடம் சந்தூக் என்றால் என்னவென்று எப்படிக் கேட்பது? மெஷின் ஏற்ற வந்திருந்த குட்டியானை டிரைவர் நிசார் அஹமதுவைக் கேட்டார். நிசார் நாகூர்க்காரர். ஆம்பூருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"மய்யத்தைத் தூக்கிட்டுப் போற பெட்டிண்ணே," என்றார் நிசார் மெதுவாக. "எப்பவும் பள்ளிவாசல்லயே ஒண்ணு இருக்கும். பெரிய வீடு, புள்ள பேர்ல புதுசா செஞ்சு குடுப்பாங்க போல."

"கிழமைகூட சொல்றாங்களேப்பா?"

"டாக்டர் சொல்லியிருப்பாரு."

சூரியபிரகாஷ் கடைசல் மெஷினை விட்டு நகர்ந்தார். பிணம் தூக்கும் பெட்டிக்குக் கடைசல் எதற்கு? நீளப் பலகை அறுக்க வேண்டும். அறுப்பு மெஷினையே வாங்கினார். விற்ற சாமான் திரும்ப எடுக்கப்படமாட்டாது என்று கடைக்காரர் பில்லில் முத்திரை குத்தினார்.

பட்டறைக்குள் மெஷின் போனது, பலகை போகவில்லை. ஏழடிப் பலகையைத் தள்ளினால் சுவரில் இடித்தது. குளியலறைச் சுவரை உடைத்தார். ஸ்விட்சைப் போட்டார். தெரு முழுக்கக் கரண்ட் போனது. தெருவே வந்து திட்டிவிட்டுப் போனது. ஒயர் மாற்றியதில், மரம் வாங்க வைத்திருந்த பணமும் கரைந்தது.

வீட்டில் நல்ல மரம் என்று மிச்சமிருந்தது அவர்களுடைய தேக்குக் கட்டில்தான். மனைவி விஜயகுமாரி வேறொரு கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறவள். பஸ்ஸுக்கு நேரமாகியும் கட்டிலைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"சின்னப் பொண்ணு. பிரிச்சுக்கோங்க. தரையில படுத்தா நாம இன்னா செத்தா போய்டுவோம்," என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆறரை அடி நீளம். நான்கு மூலையிலும் தோளுக்கு வாகான கைப்பிடி. சிலாம்பு குத்தக் கூடாதே என்று உள்பக்கத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். குத்தினாலும் அந்தப் பெண்ணுக்குத் தெரியப்போவதில்லை என்று தோன்றியதும் உட்கார்ந்து அழுதார். பிறகு இன்னொரு தடவை தேய்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை பெட்டியின்மேல் வெள்ளைத் துணி போர்த்தி, விஜயகுமாரியையும் கூட்டிக்கொண்டு நிசாரின் வண்டியில் ஆம்பூர் போனார். வாசலில் ஷாமியானா. வரிசையாக நாற்காலிகள். உள்ளே பெண்கள் அழும் சத்தம்.

"லேட்டாய்டுச்சு," என்றாள் விஜயகுமாரி.

செருப்பைக் கழற்றிவிட்டு ஆண்கள் இருவரும் அதைத் தூக்கிவந்து கூடத்தின் நடுவே இறக்கினார்கள். சூரியபிரகாஷ் துணியை விலக்கிவிட்டு, கண்ணீரோடு கைகட்டி நின்றார். அழுகை சட்டென்று நின்றது. சுகரா பேகம் நெஞ்சைப் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு, முழங்கை வரை மருதாணியோடு ஹீனா வந்தாள். குனிந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"என் கல்யாணத் துணி வைக்கற சந்தூக்குக்கு, நாலு பேர் தூக்கற கைப்பிடி எதுக்கு அங்கிள்?"