பந்தைக் குடுத்திட்டு வா, ராசா!

என்னைவிடப் பயந்த ஒரு மனிதரை நம்பி என் மகளை விட்டது சரியா, பிழையா? இரண்டு வருடமாக யோசிக்கிறேன், பதில் வரவில்லை.

மொன்றியலில் பயப்படுவதற்கு என்னை மிஞ்ச ஆளில்லை என்றுதான் நினைத்திருந்தேன். தொலைபேசி அடித்தால் ஊரில் யாருக்கு என்னவோ என்று எடுக்கவேமாட்டேன். தபால்காரர் படியேறினால் எங்கள் அகதி வழக்குத் தோற்றுவிட்டது என்று பெட்டி கட்டத் தொடங்குவேன். 'குடுத்திட்டு வா' அண்ணையைக் கண்ட பிறகுதான் நான் எவ்வளவு துணிச்சல்காரி என்பது எனக்கே தெரிந்தது.

பியர்பொன்ட்ஸில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பேஸ்மென்டில் அவர் தனியாக இருந்தார். சொந்த ஊர் திருகோணமலை. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு கல்லூரிச் சமையலறையில் தட்டும் சட்டியும் கழுவும் வேலை. சீருடை போட்ட எவரைக் கண்டாலும் பயம். பஸ் சாரதி டிக்கெட்டைக் கேட்டால் கைக்கடிகாரத்தையும் சேர்த்துக் கழற்றுவார். ஹலோவீன் அன்று முகமூடி போட்ட பிள்ளைகள் கதவைத் தட்டினார்கள். அண்ணை ஒரு கணமும் யோசிக்கவில்லை. பாதி அரிசி மூட்டையை இழுத்து வந்து வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார். பேய் வேடம் போட்ட பொடியன் அதைத் தூக்க முடியாமல் அழ, அவனுடைய தாய் வந்து எங்களிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"கேட்டால் குடுத்திட வேணும், தங்கச்சி. சாமான் போனால் பேந்து வாங்கலாம்" என்பார் அண்ணை.

சனிக்கிழமைகளில் எனக்கு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. கணவருக்கு டவுன்டவுனில் ஓர் உணவகச் சமையலறையில். அண்ணைக்கு அன்று லீவு. நாலு வயது மகள் சுகியை அவரிடம் விட்டோம். இவ்வளவு பயந்த மனிதர் பிள்ளையை வாசற்படி தாண்ட விடமாட்டார் என்பது என் நம்பிக்கை.

ஒரு சனிக்கிழமை மாலை சுகிக்குத் தொண்டை கட்டியிருந்தது. குளிப்பாட்டினால், சவர்க்காரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "குடுத்திட்டு வா, ராசா!" என்று கத்துகிறாள்.

"எங்கையடி போனனீ?"

"மாமாவோட மட்ச் பாக்க."

"என்ன மட்ச்?"

"பெரிய ஆக்கள் விழுந்து விழுந்து எழும்புற மட்ச்."

அன்றிரவு நான் தூங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை தொழிற்சாலைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு அவர்களோடு பஸ் ஏறினேன்.

கல்லூரி மைதானத்தில் நடந்தது புட்போல். நம் ஊரில் பந்தை உதைப்பார்கள், இங்கே ஆளை. முட்டை போன்ற ஒரு பந்தை அணைத்துக்கொண்டு ஒருவன் ஓடுகிறான். தலைக்கவசம் போட்ட பத்துப் பேர் அவனை விழுத்தி மேலே ஏறிப் படுக்கிறார்கள். கைவிரல்களுக்கு இடையால்தான் என்னால் பார்க்க முடிந்தது. அந்த வருடம் அந்த அணி ஓர் ஆட்டத்தில்கூட வெல்லவில்லை. ஆட்டக்காரர்களின் பெற்றோர்கூட வருவதை நிறுத்திவிட்டார்கள். அண்ணை மட்டும் முன்வரிசையில் நின்றார். தான் கழுவிய தட்டில் சாப்பிடுகிற பிள்ளைகள் அடிவாங்கும்போது வீட்டில் இருக்க அவரால் முடியவில்லை.

"பந்தைக் குடுத்திட்டு வா, ராசா! அவங்கள்தானே கேக்கிறாங்கள், குடன்! ஏன் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கிடக்கிறாய்?"

"அண்ணை, குடுத்தால் தோத்துப்போவினம்" என்றேன் மெதுவாக.

"குடுக்காமலும் தோக்கினம்தானே? முதுகாவது மிஞ்சட்டும்."

அணியில் ஒரு தடியன் இருந்தான். மூன்று தரம் உருளைக்கிழங்கு வாங்கிச் சாப்பிடுகிறவன். அண்ணை அவனுக்கு வைத்த பெயர் பீப்பாய். இடைவேளையில் அவன் வந்து, மாமா என்ன சொல்கிறார் என்று சுகியிடம் கேட்டான். அவள் கார்டரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் படித்த பிரெஞ்சில் சொல்லிக் கொடுத்தாள். பீப்பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அதற்கு அடுத்த ஆட்டத்தில் மாணவர்கள் எல்லோரும் ஒரே குரலில் "குதித்தித்து வா!" என்று கத்தினார்களாம். அண்ணைக்கு அந்தப் பெயர் நிலைத்தது அப்படித்தான்.

என் பயம் வேறு வழியால் வந்தது. சுகி கார்டரியிலிருந்து ஒற்றைக் கையுறையோடு வந்தாள். பிறகு தொப்பி இல்லாமல். முதல் பனி விழுந்த அன்று ஒற்றைச் சப்பாத்தோடு வந்தாள்.

"யார் கேட்டாலும் கொடுத்துவிடுகிறாள், மேடம். கேட்காதவர்களையும் கூப்பிட்டுக் கொடுக்கிறாள்" என்றாள் ஆசிரியை.

நான் நேரே பேஸ்மென்டுக்கு இறங்கினேன். "அண்ணை, பிள்ளை உள்ளதெல்லாத்தையும் குடுத்துப்போட்டு வாறாள். வளர்ந்தாலும் இப்பிடித்தானே நிப்பாள்? தனக்கெண்டு ஒண்டையும் வைச்சிருக்கத் தெரியாமல் போயிடுமே!"

அண்ணை எனக்கு இருக்கக் கதிரையை இழுத்து வைத்தார். பிறகு சொன்னார்: "ஆமிக்காரர் கேட்டும் என்ரை தம்பி சைக்கிளைக் குடுக்கேல்லை, தங்கச்சி."

சண்டை பிடிக்கப் போனவள் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கடைசி ஆட்டத்துக்கும் போனேன். வழக்கம்போலத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். பீப்பாய் பந்தோடு ஓடினான். அவன்மேல் ஒரு மலையே விழுந்தது. மற்றவர்கள் எழும்பினார்கள், அவன் எழும்பவில்லை. திரும்பிப் பார்த்தால் என் பக்கத்தில் அண்ணையைக் காணோம். பஸ் சாரதிக்கு நடுங்குகிற மனிதர், கோடு போட்ட சட்டைக்கார நடுவர்களைத் தள்ளிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடுகிறார்! பீப்பாயின் கைகளைப் பிரித்துப் பந்தை எடுத்தார். எதிரணியில் மிகப் பெரிய ஆளாகப் பார்த்து அதை நீட்டினார்.

"இந்தா, கொண்டு போ. பிள்ளையை விடு."

அந்தப் பெரியவன் என்ன செய்வதென்று தெரியாமல், இரண்டு கையாலும் பந்தை வாங்கிக்கொண்டு, "மெர்சி, மொசியூ" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னான். மூச்சு அடைத்துக் கிடந்த பீப்பாய்க்குச் சிரிப்பில் மூச்சு வந்துவிட்டது. காவலாளி வந்து அண்ணையின் தோளைப் பிடித்தார். அண்ணை தன் பெயர், விலாசம், அகதி வழக்கு இலக்கம் எல்லாவற்றையும் கேட்காமலே ஒப்புவித்தார். 'போச்சு, வழக்கும் போச்சு' என்று நான் சுகியை இறுக்கிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பீப்பாய் எழும்பி வந்து அண்ணையின் தோளில் கைபோட்டுக்கொண்டு அவரை வெளியே கூட்டி வந்தான். அந்த வருடம் அந்த மைதானத்தில் அவ்வளவு கைதட்டல் கேட்டது அன்றுதான்.

இப்போது சுகிக்கு ஆறு வயது. பள்ளியில் இரண்டு பிள்ளைகள் தினமும் அவளுடைய சாப்பாட்டைக் கேட்கிறார்கள்; கொடுத்துவிட்டுப் பசியோடு வருகிறாள். "இறுக்கிப் பிடி எண்டு சொல்லிப் பழக்கும்" என்கிறார் கணவர். 'குடுக்காதை' என்று சொல்ல நானும் வாயெடுக்கிறேன். அண்ணையின் தம்பியுடைய சைக்கிள் நினைவுக்கு வருகிறது. வீடு, வளவு, கிணறு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்ததால்தானே நாங்கள் உயிரோடு இருக்கிறோம்? ஆனால் அவள் இங்கே அல்லவா வாழப்போகிறாள்?

பிள்ளை வளர்க்கிற வாசகர்கள் யாராவது எனக்கு ஒரு வழி சொல்லுங்கள். சனிக்கிழமைகளில் அவளை இன்னும் அண்ணையிடம்தான் விடுகிறேன். அதனால், அவருடைய மனம் நோகாத ஒரு வழியாகப் பார்த்துச் சொல்லுங்கள்.