கலர் கம்பவுண்டரும் சிவப்பு மருந்தும்

நாக்குக்கும் கண் உண்டு என்று இந்த உலகத்திலேயே கண்டுபிடித்தவர் ஒருத்தர்தான். அவர் எங்கள் ஏலப்பாறை எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். பெற்றவர்கள் என்ன பேர் வைத்தார்களோ, எங்களுக்கு அவர் கலர் கம்பவுண்டர். யாரைக் கண்டாலும் நிறுத்தி, "பச்சைன்னா உமக்கு என்ன ருசி தோணுதுவே?" என்பார். "கசப்பு" என்று சொல்லாமல் நகர முடியாது. கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறார். இழவு வீட்டிலும் கேட்டிருக்கிறார், பாவி மனுஷன்.

ஒரு மழைக்காலம், மலை முழுக்கக் குளிர்காய்ச்சல். காய்ச்சலுக்குக் கொடுக்கும் கசப்புக் கொயினா மருந்தில் சிவப்புச் சாயம் கலக்கச் சொல்லியிருந்தார் வெள்ளைக்கார டாக்டர் துரை. அவர் ஊரில் சிவப்பென்றால் பழமும் ஜாமும்; பிள்ளைகள் ஓடிவந்து குடிக்குமாம். கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்குச் சிவப்பென்றால் மிளகாய். பாட்டிலைக் கண்டதுமே "காரம்" என்று வாயை இறுக்கிக்கொண்டன.

என் மகள் செல்லம்மாவுக்கு அப்போது நாலு வயது. மூன்று நாளாக உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. மருந்து ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. மூக்கைப் பிடித்து ஊற்றினால் என் வேட்டியெல்லாம் சிவப்பு. பெண்டாட்டி அழுதாள். எஸ்டேட் ஆபீஸ் குமாஸ்தாவான நானும் வெட்கத்தை விட்டு அழுதேன்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கம்பவுண்டர் பார்த்தார். "கலரை மாத்துவோம்வே" என்று, சாயம் போடாத கொயினாவில் கருப்பட்டிப் பாகை ஊற்றிக் கலக்கினார். பார்க்க அசல் பாயசம்.

அந்த நேரம் பார்த்து டாக்டர் துரை உள்ளே வந்தார். "கறிக்குழம்பு நிறத்தில் மருந்தா? எந்தப் பிள்ளை குடிக்கும்? உன் வேலை போய்விடும்" என்று இங்கிலீஷில் குதித்தார்.

"போகட்டும் தொரை. மொதல்ல பிள்ளை குடிக்கட்டும்" என்று இவர் தமிழில் சொல்லிவிட்டு, "பாப்பா, எனக்கு ஒரு கரண்டி, ஒனக்கு ஒரு கரண்டி" என்று தான் முந்திக் குடித்துச் சப்புக்கொட்டினார். கருப்பட்டி போட்டாலும் கொயினா கொயினாதான். பிற்பாடு நக்கிப் பார்த்து நான் குமட்டியிருக்கிறேன். அந்த மனுஷன் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. செல்லம்மா அவரையே பார்த்தாள். மெல்ல வாயைத் திறந்தாள்.

மருந்து குடித்த நாலாம் நாள் காய்ச்சல் இறங்கி, கஞ்சி கேட்டாள். துரை வந்து அவளைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்த சாயப் புட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன்பிறகு கம்பவுண்டர் லயம் லயமாக, பிள்ளைக்கு ஒரு கரண்டி, தனக்கு ஒரு கரண்டி என்று குடித்தே திரிந்தார். அத்தனை கொயினா குடித்தால் காது என்னத்துக்காகும்? எந்நேரமும் காதுக்குள் இரைச்சல், வெளிச்சத்தம் ஏறாது. ஒருநாள் வழியில் பிடித்து, "நீர் நல்லா இருக்கணும்வே" என்றேன்.

"என்னது? சத்தமாச் சொல்லும்."

மூன்றாவது தடவைதான் அவருக்குக் கேட்டது. எனக்குத்தான் போதவில்லை, நாலாவது தடவையும் சொன்னேன்.